புளியங்காட்டு ஊரில் தட்டுக்குள் ஒரு புளியமரம்... விழுப்புரம் வெயிலில் போன்சாயைக் காப்பாற்றுவது எப்படி? ஆரம்பநிலையாளர்களுக்கான முழு விளக்கம்

நர்சரியில் ஆசையாக வாங்கி வந்த போன்சாய் செடி முதல் மாதம் இலை கொட்டும், மூன்றாவது மாதம் வெறும் குச்சியாக நிற்கும். "நமக்கு ராசி இல்லப்பா" என்று தொட்டியைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடுவார்கள். பல வீடுகளில் நடக்கும் கதை இதுதான். உண்மையில் இதற்கும் ராசிக்கும் சம்பந்தமே இல்லை. வைத்த இடம், ஊற்றிய தண்ணீர், போட்ட மண் என்ற மூன்றில் ஏதோ ஒன்று தவறியிருக்கும்.

வெயிலுக்குப் பேர்போன விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் போன்சாய் வளர்க்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் ஜப்பான் வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் நடக்காது. நம்ம ஊர் மரம், நம்ம ஊர் மண், நம்ம ஊர் பருவத்தை வைத்துத்தான் தொடங்க வேண்டும். எப்படி என்று விரிவாகப் பார்ப்போம்.

போன்சாய் என்றால் என்ன?

ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுவது. தட்டில் நட்ட மரம், அவ்வளவுதான். கலையின் தொடக்கம் சீனாவில். அங்கு இதற்கு 'பென்ஜிங்' என்று பெயர். கி.பி. 706-ல் அமைக்கப்பட்ட டாங் வம்ச இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்திலேயே, தட்டில் சிறு செடிகளை ஏந்தி வரும் பணியாளரைக் காணலாம். அங்கிருந்து ஜப்பானுக்குப் போய் இன்றைய வடிவத்தை எடுத்தது.

பலரும் நினைப்பதுபோல போன்சாய் என்பது தனி ரகம் அல்ல. குட்டை விதை என்றும் எதுவும் கிடையாது. சாலையோரத்தில் நிற்கும் அதே புளியமரம், அதே ஆலமரம்தான். தட்டிலிருந்து எடுத்துத் தரையில் நட்டால் மறுபடியும் பெரிய மரமாக வளரத் தொடங்கிவிடும்.

மரம் எப்படிக் குட்டையாகவே இருக்கிறது?

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வேர். மேலே எவ்வளவு கிளை வளரும் என்பதை, கீழே வேருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. ஆழமில்லாத தட்டில் வேர் பரவ இடம் குறைவு. அதனால் வளர்ச்சியும் நிதானமாகிறது.

இரண்டாவது, நுனி. செடியின் உச்சிக் கொழுந்தில் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகிறது. அது கீழ்நோக்கி இறங்கி, பக்க மொட்டுகள் துளிர்ப்பதைத் தடுத்து வைக்கும். அதனால் செடி மேல்நோக்கியே போகும். நுனியைக் கிள்ளிவிட்டால் தடை நீங்கி, பக்கத்தில் இரண்டு மூன்று கிளைகள் வெடிக்கும். அவற்றின் நுனியையும் கிள்ளினால் இன்னும் பல. மல்லிகைச் செடியை நம் வீட்டுப் பெரியவர்கள் கவாத்து செய்வதும் இதே கணக்குதான்.

திண்டிவனத்துக்குப் புளியமரமே ஏன் பொருத்தம்?

திண்டிவனம் என்ற பெயரே 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்பது ஊரில் வழங்கும் பெயர்க் காரணம். திந்திரிணி என்றால் சம்ஸ்கிருதத்தில் புளி. ஊரின் சிவன் கோயிலில் சுவாமியின் பெயரும் திந்திரிணீஸ்வரர்தான். புளியங்காட்டு ஊரில் போன்சாய்க்கு முதல் மரமாகப் புளியையே எடுக்கலாம். அதற்குக் காரணம் பெயர் மட்டுமல்ல.

- புளியின் இலை இயல்பிலேயே சின்னது. குட்டி மரத்துக்கு குட்டி இலை இருந்தால்தான் பார்ப்பதற்கு நிஜ மரம்போலத் தெரியும். தேக்கு மாதிரி அகல இலை மரங்களில் இது நடக்காது.
- பட்டை சீக்கிரமே வெடிப்பு விட்டு, வயதான மரத்தின் தோற்றத்தைத் தரும்.
- வெயிலையும் ஓரளவு வறட்சியையும் தாங்கும்.
- விதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். சமையலறையில் புளி கரைக்கும்போது கிடைக்கும் கொட்டையே போதும்.

இரவில் இலைகள் மடங்கிக்கொள்வது புளியின் இயல்பு. முதல் நாள் சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டு "செடி வாடிடுச்சு" என்று பதறித் தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. பதற வேண்டாம், விடிந்தால் தானாக விரிந்துவிடும்.

வேறு என்னென்ன மரங்கள் எளிது?

- கல் இச்சி, ஆல், அரசு: அத்தி வகை மரங்கள். தவறு செய்தாலும் மன்னிக்கும் குணம் இவற்றுக்கு உண்டு. வெட்டிய இடத்தில் பால் வடியும், பயப்படத் தேவையில்லை.
- ஜேட் செடி: தடித்த குட்டி இலை கொண்டது. குச்சியை ஒடித்து இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து நட்டாலே வேர் பிடிக்கும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு இதுதான் பாதுகாப்பான தேர்வு.
- காகிதப்பூ எனப்படும் போகன்வில்லா: வெயில் எவ்வளவு அடித்தாலும் பூக்கும்.
- கொடுக்காப்புளி: சிறு இலை, முள், வேகமான வளர்ச்சி.

வீட்டுச் சுவரிலோ மொட்டைமாடி விரிசலிலோ முளைத்த ஆல், அரச கன்றுகள் இருந்தால் அவையும் நல்ல தொடக்கம். சுவருக்கும் நல்லது, உங்களுக்கும் ஒரு செடி இலவசம். நெருக்கடியில் வளர்ந்ததால் அவற்றின் அடிப்பகுதி இயற்கையாகவே முறுக்கேறி இருக்கும். ஆனால் செஞ்சிக் கோட்டை மாதிரி பாதுகாக்கப்பட்ட இடங்களிலோ, காப்புக்காட்டிலோ, பழைய கோயில் சுவரிலோ அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது. வேரைப் பிடுங்கும்போது கல்லும் சேர்ந்து வரும் அபாயம் இருக்கிறது.

ரெடிமேட் போன்சாய் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். கிழங்குபோலப் பருத்த வேரும், தலையில் ஒரு கொத்து இலையுமாகக் கடைகளில் நிற்கும் செடி ஓர் இச்சி வகை. வேர்ப் பகுதி ஒன்று, மேலே ஒட்டுக்கட்டிய இலைப் பகுதி வேறு. இது பல வருட உழைப்பில் உருவான போன்சாய் அல்ல. வளர்ப்பதற்கு எளிது என்பதால் பழகிப் பார்க்க வாங்கலாம். 'இருபது வருஷத்து மரம்' என்று சொன்னதை நம்பிப் பெரிய தொகை கொடுத்துவிடாதீர்கள்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா? மேல்மண்ணில் கூழாங்கல்லைப் பசைபோட்டு ஒட்டியிருக்கிறார்களா? லேசாக அசைத்தால் செடி ஆடுகிறதா? ஓட்டை இல்லை, கல் ஒட்டியிருக்கிறது, செடி ஆடுகிறது என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

ஆரோவில் சுற்றுவட்டார நர்சரிகளிலோ, சாலையோர நர்சரிகளிலோ கருப்பு பாலித்தீன் பையில் நிற்கும் சாதாரண கன்றுகளே போதும். உயரமானதை விட்டுவிட்டு, அடித்தண்டு தடித்து, கீழ்ப்பகுதியிலேயே கிளை விட்ட கன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் தடிமன், அப்புறம்தான் தட்டு

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பென்சில் தடிமனில் இருக்கும் கன்றை நேராக அழகான தட்டில் வைத்துவிடுவார்கள். தட்டில் வைத்ததும் வளர்ச்சி குறைந்துவிடும். ஐந்து வருஷம் ஆனாலும் அது பென்சிலாகவே நிற்கும்.

அதனால் முதலில் கன்றை தரையிலோ பெரிய தொட்டியிலோ நன்றாக வளரவிட வேண்டும். தண்டு கட்டைவிரல் தடிமனுக்கு மேல் வந்த பிறகு உயரத்தை வெட்டிக் குறைத்து, படிப்படியாகச் சின்னத் தொட்டிக்கும் பிறகு தட்டுக்கும் மாற்றலாம். புளியை விதையிலிருந்து தொடங்கினால் நான்கைந்து ஆண்டுகளாவது பிடிக்கும். நர்சரி கன்றில் தொடங்கினால் அதில் பாதி நேரம் மிச்சம்.

விதைப்பவர்கள் கொட்டையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் போட்டால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். ஒன்று மட்டும் போடாமல் பத்து கொட்டை போடுங்கள், சிறந்த இரண்டை வைத்துக்கொள்ளலாம்.

மண் கலவை எப்படி இருக்க வேண்டும்?

தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் அள்ளிப் போட்டால் ஆழமில்லாத தட்டில் அது களிமண் அடைபோல இறுகிவிடும். தண்ணீர் இறங்காது, வேருக்குக் காற்று போகாது. போன்சாய்க்குத் தேவை, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை உடனே வெளியே விடும் கலவை. எளிய அளவு இதோ:

- செங்கல் துண்டு: 2 பங்கு. உளுந்து முதல் கொண்டைக்கடலை வரையிலான அளவில் உடைத்தது. சூளைகளில் உடைந்த செங்கல் எளிதாகக் கிடைக்கும். ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதே இதன் வேலை.
- பருமணல் அல்லது கருங்கல் சிப்ஸ்: 1 பங்கு. எம்-சாண்ட் என்றால் நன்றாக அலசி, மாவுபோன்ற தூளை நீக்கிவிட வேண்டும்.
- மட்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம்: 1 பங்கு.

மூன்றையும் தனித்தனியாகச் சலித்துத் தூளைக் கொட்டிவிடுங்கள். பலரும் தவிர்த்துவிடும் வேலை இதுதான். தூள் இருந்தால் அது கீழே இறங்கி ஓட்டையை அடைத்துவிடும்.

தொட்டி என்ன அளவு? அகலம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடித்தண்டின் தடிமன் அளவுக்கு என்பது பொதுவான கணக்கு. ஆனால் நம்ம ஊர் வெயிலுக்கு ஆழம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. விலை உயர்ந்த பீங்கான் தட்டு வேண்டாம். விழுப்புரம் - புதுச்சேரி வழியில் இருக்கும் வில்லியனூரின் சுடுமண் வேலை புவிசார் குறியீடு பெற்றது. அப்படிப்பட்ட குயவர்களிடம் சொன்னால் அடியில் இரண்டு ஓட்டை வைத்து அகலமான தட்டு செய்து தருவார்கள். ஆரம்பத்தில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவே தாராளம்.

தட்டுக்கு மாற்றுவது எப்படி?

1. ஓட்டைகளின்மேல் கொசுவலைத் துண்டை வையுங்கள். மண் வெளியேறாது.
2. ஓட்டை வழியாக மெல்லிய கம்பியை மேலே இழுத்து விடுங்கள். செடியைக் கட்டி நிறுத்த இது உதவும். செடி ஆடினால் புது வேர் அறுந்துபோகும்.
3. பழைய மண்ணை ஒரு குச்சியால் மெதுவாக உதிர்த்து, கீழ்நோக்கிப் போகும் தடித்த வேரைக் குறைக்கவும். முதல்முறை மொத்த வேரில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்ட வேண்டாம். பக்கவாட்டில் பரவும் சல்லிவேரை அப்படியே விடுங்கள்.
4. கலவையைப் போட்டு, குச்சியால் குத்திக் குத்தி இடைவெளிகளை நிரப்புங்கள்.
5. அடியில் தெளிந்த நீர் வரும்வரை பூவாளியால் ஊற்றுங்கள்.
6. இரண்டு மூன்று வாரம் வெளிச்சமான நிழலில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு உரம் கூடாது.

இந்த வேலைக்குத் தை, மாசி மாதங்களோ, வெயில் தணியும் ஆடி, ஆவணியோ சரியான காலம். சித்திரை, வைகாசியில் வேரைத் தொடவே கூடாது. அதோடு, வேர் வெட்டு, கிளை வெட்டு, கம்பி கட்டு மூன்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். 'பத்தே நிமிஷத்தில் போன்சாய்' என்று ஓடும் வீடியோக்களில் காட்டாத விஷயம், அந்தச் செடி அடுத்த மாதம் என்ன ஆனது என்பதுதான்.

ஹாலில் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. போன்சாய் சாகும் முதல் காரணமே இதுதான். மரம் குட்டையானாலும் அதற்கு வெயில் வேண்டும். தினமும் நான்கைந்து மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. விருந்தாளி வரும் அன்று ஒருநாள் டீபாயில் வைத்துவிட்டு, மறுநாள் வெளியே எடுத்துவிடலாம். ஏசி அறை வேண்டவே வேண்டாம்.

அக்னி நட்சத்திரத்தை எப்படிச் சமாளிப்பது?

விழுப்புரம் மாவட்டத்தில் மே மாதம் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கம். மொட்டைமாடி கான்கிரீட் தரை அதைவிட அதிகமாகக் கொதிக்கும். நாலு அங்குலத் தட்டில் இருக்கும் மண் மதியத்துக்குள் காய்ந்துவிடும். வேர் வெந்தே போகலாம். செய்ய வேண்டியவை:

- தட்டைத் தரையில் வைக்காமல் பெஞ்சிலோ செங்கல்மேல் பலகை போட்டோ உயர்த்தி வையுங்கள்.
- காலை வெயில் மட்டும் படும்படி கிழக்குப் பக்கம் மாற்றுங்கள். அல்லது பச்சை நிழல்வலை கட்டுங்கள்.
- காலை, மாலை என இரண்டு வேளை தண்ணீர். மற்ற மாதங்களில் விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். ஜேட் செடிக்கு மண் காய்ந்த பிறகே தண்ணீர்.
- வெளியூர் போனால் ஈரமணல் நிரப்பிய அகலமான தட்டில் தொட்டியை உட்கார்த்தி, நிழலில் வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும்.

மரக்காணம் பக்கம் உப்பளங்கள் இருக்கும் கடலோரப் பகுதிகளில் சில இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். மண்ணின்மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் அது உப்பு. அங்கெல்லாம் பிடித்துவைத்த மழைநீர்தான் மருந்து. வாரம் ஒருமுறை நிறைய ஊற்றி உப்பை அடியில் கழுவி வெளியேற்றலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு ஆபத்து

வெயிலில் தப்பிய செடி மழையில் போவதும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கைப்பிடிச் சுவரில் வைத்த தட்டு பறக்கும். கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. புயல் எச்சரிக்கை வந்த உடனே எல்லாத் தட்டுகளையும் கீழே இறக்குங்கள்.

தொடர்மழையில் தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்துச் சாய்த்துவிட்டால் தேங்கும் நீர் வழிந்துவிடும். தொட்டிக்குக் கீழ் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகுவது மட்டுமல்ல, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். அந்தத் தண்ணீரை உடனுக்குடன் கொட்டிவிட வேண்டும்.

வெட்டுவதும் கம்பி கட்டுவதும்

புதுத் தளிர் ஆறு எட்டு இலை விட்டதும், அடியில் இரண்டு இலையை விட்டு மீதியைக் கிள்ளுங்கள். குறுக்கே ஓடும் கிளை, நேராக மேலே கிளம்பும் கிளை, ஒரே இடத்தில் எதிரெதிராக இருக்கும் கிளைகளில் ஒன்று ஆகியவற்றை நீக்கலாம். எங்கே வெட்டுவது என்று குழப்பமா? சாலையோரம் நிற்கும் ஒரு வயதான புளியமரத்தை நின்று பாருங்கள். கீழ்க்கிளை தடித்து நீண்டும், மேலே போகப் போக மெலிந்து குறுகியும் இருக்கும். அதே வரிசையைத்தான் தட்டிலும் கொண்டுவர வேண்டும்.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி போதும். கம்பியின் தடிமன் கிளையில் மூன்றில் ஒரு பங்கு. 45 டிகிரி சாய்வில் சுற்றி, மெதுவாக வளையுங்கள். ஆல், இச்சி நன்றாக வளையும். புளியின் முற்றிய கிளை முறிந்துவிடும், அதனால் இளசாக இருக்கும்போதே கட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, கம்பி பட்டையில் பதியத் தொடங்கினால் உடனே வெட்டி எடுங்கள். சுற்றி அவிழ்த்தால் கிளை ஒடியும்.

உரமும் பூச்சியும்

திண்டிவனம் என்றால் வேர்க்கடலை. இங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. ரகங்கள் பெயர் பெற்றவை. அந்தக் கடலைப் பிண்ணாக்கே போன்சாய்க்கும் உரம். ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றுங்கள். அப்படியே போட்டால் எறும்பும் பூஞ்சையும் வரும்.

வெள்ளையாகப் பஞ்சுபோல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

இலையெல்லாம் கொட்டிவிட்டது... செத்துப்போச்சா?

உடனே முடிவு கட்டாதீர்கள். இடம் மாற்றினாலே அத்தி வகைகள் இலை கொட்டும். நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. நிழலில் வைத்து, தண்ணீரைக் குறைத்துக் காத்திருங்கள். பழுப்பாகவும் காய்ந்தும் இருந்தால் இன்னும் கீழே கீறிப் பாருங்கள். அடிவரை காய்ந்திருந்தால் மட்டுமே கைவிடலாம்.

போன்சாய் மரத்தைச் சித்திரவதை செய்வதா? வீட்டுக்கு ஆகாதா?

வேரை வெட்டுகிறார்கள், கம்பி சுற்றுகிறார்கள் என்பதால் இந்தக் கேள்வி எழுவது நியாயமே. பட்டினி போட்டுத்தான் மரத்தைக் குட்டையாக்குகிறார்கள் என்பது மட்டும் தவறு. பட்டினி போட்டால் செடி செத்துவிடும். சரியாகப் பராமரித்த போன்சாய், மனித ஆயுளைத் தாண்டியும் வாழும். 1625 முதல் போன்சாயாக வளர்க்கப்பட்டு, ஜப்பானின் யமாக்கி குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கப்பட்ட வெள்ளைப் பைன் ஒன்று, 1945-ல் ஹிரோஷிமா அணுகுண்டிலும் தப்பியது. 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய், வாஷிங்டனில் பராமரிக்கப்படுகிறது. அதேசமயம், கம்பியை மறந்து பட்டையை அறுக்கவிடுவதும் தண்ணீர் இல்லாமல் காயவிடுவதும் கொடுமைதான்.

போன்சாய் வைத்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது வாஸ்து நம்பிக்கை, புளியமரத்தில் பேய் இருக்கும் என்பதுபோல. இரண்டுக்கும் அறிவியல் ஆதாரம் இல்லை. வீட்டில் பெரியவர்கள் தயங்கினால் மொட்டைமாடியில் வையுங்கள். எப்படியும் மரத்துக்கு ஏற்ற இடம் அதுதான்.

நல்ல போன்சாய்களை நேரில் பார்க்க பெங்களூரு லால்பாக்கில் உள்ள போன்சாய் தோட்டத்துக்கோ, மைசூரு கணபதி சச்சிதானந்த ஆசிரமத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டத்துக்கோ போய் வரலாம். நம்ம ஊர் ஆலும் அரசும் தட்டில் எப்படி நிற்கும் என்பது அங்கே தெரியும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு செடியில் தொடங்காதீர்கள். ஒன்றே இருந்தால் தினமும் அதை நோண்டிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு ஜேட், ஓர் இச்சி, சில புளியங்கன்றுகள் என ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள். ஜேடில் வெட்டிப் பழகுங்கள், இச்சியில் கம்பி கட்டிப் பழகுங்கள், புளியைச் சும்மா வளரவிடுங்கள். முதல் ஆண்டு அழகைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டிச் செடி உயிரோடு நின்றால், இரண்டாம் ஆண்டு கத்தரிக்கோலைத் தைரியமாகக் கையில் எடுக்கலாம்.